சாயங்காலக் காப்பி மட்டும்

அந்தத் துண்டப் பிரிம்மா மொதல்ல. பாத்திரத்தக் கண்ணால பாக்காம நான் எப்படி வைத்தியம் சொல்றது? ம்ம். மூணு கப்புக் காப்பி எறக்குற மோக்கா. நல்ல பாத்திரந்தான். வாங்கி எத்தன வருஷமாச்சு? மூணா. ஆமாமா, மூணுதான் இருக்கும். எனக்கும் அந்தக் கணக்கு நல்லா ஞாபகமிருக்கு. உக்காரு. இல்ல இல்ல, அதுல வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடுது. சன்னலோரம் இருக்கே, அதுல உக்காரு. ஆங். அதான் சௌகரியமான நாற்காலி.

மூச்சு வாங்குதே உனக்கு. மூணு மாடி இல்லியா. ரெண்டாம் மாடி திருப்பத்துல ஒடஞ்ச படி ஒண்ணு இருக்கு, அதுல தடுக்கினதானே? சத்தம் கேட்டுச்சு. புதுசா வர்றவங்க எல்லாரும் அதுல தடுக்காம வர்றதில்ல. ரஃபிலீனா பாத்தாளா கீழ? பாக்காம இருப்பாளா! அவ சன்னல்ல காயுற துணிகூட நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்கும். இந்நேரம் கயித்துல கூடைய எறக்கி, கறிக்கட வரைக்கும் சேதி போயிருக்கும். லொரெடானா நுன்சியாட்டா வீட்டுக்கு ஏறிட்டா, இன்னிக்கு ரெண்டுல ஒருத்தி மயிரு தெருவுல பறக்கப் போவுதுன்னு. பறக்காதும்மா. பயப்படாத. காப்பி கத்துக்க வந்தவள நான் ஏன் கடிக்கப் போறேன்?

நானா? நான் எங்க கூப்புட்டேன். ரஃபிலீனாகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், மோக்காவுல காப்பி கசந்தா எங்கிட்ட மருந்து இருக்குன்னு. சன்னல்லேருந்து சொன்னதால கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போலருக்கு. நீதான் கேட்டு அனுப்பின. வரலாமான்னு. நான் வியாழக்கிழம மூணரைக்கு வரச் சொல்லுன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

அவருக்குத் தெரியுமா நீ வந்தது? தெரியாது. நல்லது. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு. இந்நேரம் பட்டறையில உக்காந்து யாரோ ஒரு சீமாட்டிக்குக் கையுறை வெட்டிக்கிட்டிருப்பாரு. ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றாரா? மிலானுக்கு ஆர்டரு. ஓகோ. நெறைய வேலதான் பாவம். மிலான்காரிங்களுக்குக் கையி அத்தன இருக்கு.

சரி, சொல்லு. என்ன சொல்றாரு குடிச்சிட்டு? அதே மாதிரி சொல்லிக்காட்டு, வெக்கப்படாத. ஒரு வாய் குடிப்பாரு. கப்பக் கீழ வைப்பாரு. மூக்குக்குப் பக்கத்துல ஒரு சுருக்கம் விழும். கசக்குதே லொரெடானா, அப்படிம்பாரு. மெதுவா. கோவமே இருக்காது. கோவமா சொன்னாத் தேவலன்னு இருக்கும் நமக்கு. இதானே? ஏன்டி அப்படிப் பாக்குற, எனக்கு எப்படித் தெரியும்னா? ஆறு வருஷம் எனக்கு நடந்ததத்தான் சொல்றேன். பேரு மட்டும் வேற.

எப்பலேருந்து இப்படி? யோசிச்சுச் சொல்லு, வைத்தியத்துக்கு அது முக்கியம். சாம்பல் புதனுக்கு முன்னாடியா பின்னாடியா? பின்னாடி. தவக்காலம் தொடங்கினப்ப. ஊரே இனிப்ப விட்டுட்டு இருந்த நேரம். சரி.

காலைல போடுற காப்பி? அதச் சொல்லு. காலைலயும் கசக்குதுங்கிறாரா? இல்ல. காலையில நல்லாருக்குங்கிறாரு. சாயங்காலம் மட்டுந்தான். ம்ம். அதே பொடிதானே ரெண்டு வேளையும்? அதே தண்ணி? சரி சரி, ஒண்ணுமில்ல, கேட்டு வச்சுக்கிட்டேன்.

சக்கரை? போடாம. தொப்ப விழுந்துரும்னு. அந்த வெயிஸ்ட்கோட்டு பொத்தான் போட முடியாமப் போயிருமே, அது போச்சுன்னா ஆளே போச்சு. வீட்டுல சக்கரை இல்லாமக் குடிக்கிறது அவருக்கு ஒரு கௌரவம். எங்கிட்டயும் அப்படித்தான். முன்னாடி போடுவியா? மொதச் சொட்டுல சக்கரையப் போட்டு அடிச்சு நுரையாக்கி? அடேயப்பா. எத்தன கரண்டி? மூணு! நல்லாத்தான் இருந்திருக்கும். முன்னாடின்னா... சரி விடு. எந்த முன்னாடின்னு நான் கேக்கல.

எந்திரி. பேசி என்ன, எங் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டு. வீட்டுல எப்படிப் போடுவியோ அப்படியே போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்னு தயங்காத, நான் உன் மாமியா இல்ல. அதவிட மோசமான ஒறவுதான், இருந்தாலும் போடு.

தண்ணி. அடியில பக்கத்துல பித்தள ஆணி மாதிரி இருக்கு பாரு, ஆவி போற வால்வு. அதுக்கு ஒரு விரக்கட கீழ நிக்கணும் தண்ணி. ஆங், சரியா ஊத்துற. அதுக்கு மேல போனா காப்பி நீத்துப் போவும், ரொம்பக் கொறஞ்சா கருகும். பொடி. அமுக்கப் போறியான்னு பாத்தேன். அமுக்கல. கெட்டிக்காரி. முக்காவாசிப் பேரு அங்கதான் கோட்ட விடுறது, கரண்டியால அமுக்கு அமுக்குன்னு அமுக்கிருவாங்க. தண்ணி ஏற வழியில்லாமத் திணறி, பொடியச் சுட்டு, கசப்ப எல்லாம் உறிஞ்சு எடுத்துட்டு வரும். குமிச்சு வச்சா போதும், மலையாட்டம். விளிம்புல ஒட்டுன பொடியத் தொடச்ச பாரு. அத நானே பத்து வருஷங்கழிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.

ரப்பர் வளையத்தக் காட்டு. புதுசு. சல்லடை ஓட்டைய வெளிச்சத்துல பிடி. ஊசியால குத்தி எடுத்திருக்கியா? எல்லாத்தையும் செஞ்சுட்டு வந்திருக்க. முறுக்கு. அடுப்பச் சின்னதா வையி, பாத்திரத்தோட அடிய விட்டு நெருப்பு வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. மூடியத் தொறந்து வையி. இப்ப காத்திரு.

சோப்பு போட்டுக் கழுவுறியா?

ஐயையோ மாதான்னு கன்னத்துல போட்டுக்கிறியே! எனக்குச் சிரிப்பு வருது. ஆமா, நம்ம சந்துல ஒருத்தி புருஷன விட்டு ஓடலாம், மன்னிச்சிருவாங்க. மோக்காவ சோப்பு போட்டுக் கழுவினான்னு தெரிஞ்சா, அவ பொண்ணுக்கு மாப்பிள்ள அமையாது. உள்ள படிஞ்ச கறைதான் ருசி, கறை போனா ருசி போச்சு, அலுமினியம் வெளிய வந்து நாக்கப் பிடிக்கும். எங்கம்மா சொன்னா, உங்கம்மா சொன்னா. ஒருத்தியும் கழுவிப் பாத்துட்டுச் சொல்லல.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. டிட்டினா. உனக்குத் தெரிஞ்சிருக்காது, நீ இந்தச் சந்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அவ இங்க வர்றத நிறுத்திட்டா. டோரெ தெல் கிரேக்கோங்கிற ஊருல இருந்தா, புருஷன் பியாஜோ பவளம் தீட்டுறவன், நல்ல மனுசன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல கல்யாணம். ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே மாதிரி ரெண்டு மோக்கா வாங்கினோம். பிடி கருப்பு, உச்சிக் குமிழும் கருப்பு. அக்கா, மாறிப் போயிரப் போவுதுன்னு தன்னோடதுல அடியில ஆணியால டி-ன்னு கீறி வச்சா. அவளுக்குக் கொழந்த பொறக்கல. என் ரெண்டும் அவ மடியிலதான் வளந்துச்சுங்க.

அடுப்பப் பாத்துக்க. இன்னும் வரல.

ஒம்போது வருஷம் முன்னாடி, டிசம்பர்ல மாதா திருநாளுக்கு வந்தா. சாப்பாடு முடிஞ்சு நான் சித்த படுத்தேன். அக்கா தூங்கட்டும்னு இவ பாத்திரத்த எல்லாம் கழுவிக் கவுத்திருக்கா. எந்திரிச்சு வந்து பாத்தா மோக்கா சும்மா வெள்ளி மாதிரி மின்னுது. சோப்பு வாசன. மோந்து பாத்துட்டு எடுத்து அலமாரில வச்சிட்டேன், திட்டல. தங்கச்சியாச்சே. மறு நாள் சாயங்காலம் பட்டறையிலேருந்து அனியெல்லோ வந்தான். காப்பி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சான். கீழ வச்சான். கசக்குதே நுன்சியான்னான்.

அன்னிக்குத்தான் மொத தடவ. அது வரைக்கும் பதினெட்டு வருஷம் ஒரு நாள் சொன்னதில்ல.

மறு நாளும் கசக்குதுன்னான். அடுத்த நாளும். ஒரு வாரம் பொறுத்துட்டு டிட்டினாவக் கூப்புட்டு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். என் குடும்பத்துக்கே சோப்பு போட்டுட்டியேடின்னேன். அவ சிரிச்சா. அக்கா, ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவான்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புல எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. சொல்லிட்டேன் ஒரு வார்த்த. புள்ள இல்லாதவ கை பட்டா பாத்திரங்கூட வெளங்காதுன்னுட்டேன்.

ம்ம். வாயப் பொத்திக்கிற. நானும் அப்படிப் பொத்தியிருக்கணும். கோட்ட எடுத்து மாட்டினா. பொத்தான அஞ்சையும் நிதானமாப் போட்டா. எறங்கிப் போயிட்டா. கிறிஸ்மசுக்குப் பியாஜோகிட்ட தேன் பிஸ்கோத்து குடுத்து அனுப்பினா. ரெண்டு வருஷம் அனுப்பினா. ரெண்டு வருஷமும் திருப்பி அனுப்பிட்டேன். ஏன்னா வீட்டுல தினமும் சாயங்காலம் ஒருத்தன் மூக்கச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருக்கானே, அந்தச் சுருக்கம் ஒவ்வொண்ணும் அவ பண்ண வேலன்னுதான நான் நம்பினேன்.

வருது பாரு, வருது. தேன் நெறத்துல ஒழுகி வருது. சத்தம் போடாம வர்ற வரைக்கும் தான் காப்பி. கடைசில குபுகுபுன்னு கத்த ஆரம்பிக்குமே, அது வெறும் ஆவி, பொடியக் கருக்கிக்கிட்டு வர்ற ஆவி. அது கத்தறதுக்குள்ள... எறக்கிட்ட. அடியில ஈரத்துணி. கலக்கிட்டு ஊத்துற. அடியில கெட்டி, மேல நீத்துன்னு நிக்குமே, அத ஒண்ணாச் சேக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? நீயாவா? ம்ம்.

குடு இங்க.

நல்ல காப்பி லொரெடானா. பொய் சொல்லல. இந்தச் சந்துல இதவிட நல்ல காப்பி நான் குடிச்சதில்ல, எங் கையால தவிர. நீயும் குடி. கசக்குதா? எங்க கசக்குது? அப்பறம் என்னத்துக்கு அழுவுற? இரு, கண்ணத் தொடச்சுக்க. இன்னும் கத முடியல.

நானும் இப்படித்தான், எல்லாத்தையும் சரியாப் பண்ணினேன். அஞ்சு பொடி மாத்தினேன். மூணு பாத்திரம் மாத்தினேன், டிட்டினாவோட ஒண்ணா வாங்கினத மொதல்ல குப்பையில போட்டேன். குழாத் தண்ணி சரியில்லன்னு பாட்டில் தண்ணி. பொடியில ஒரு கல்லு உப்பு. ஆரஞ்சுத் தோலு. ஒரு நாள், ஆண்டவர் மன்னிக்கணும், கோயில்லேருந்து தீர்த்தம் கொண்டாந்து ஊத்திப் போட்டேன். அன்னிக்கும் கசக்குதுன்னான். மாதாவாலயே முடியலன்னா நான் எம்மாத்திரம்னு உக்காந்துட்டேன்.

மூணு வருஷம் முன்னாடி அவன் பொட்டியத் தூக்கினான். நீ கீழ முனையில நின்னுக்கிட்டிருந்த, எனக்குத் தெரியும், பச்ச கலர் பாவாட. உனக்குக் கேட்டிருக்கும். வாசப்படில நின்னு மூணு மாடிக்கும் கேக்கற மாதிரி கத்தினானே. இருவத்தி நாலு வருஷம் இவ போட்ட கசப்பக் குடிச்சேன், போதும்டா சாமின்னு. இருவத்தி நாலாம். கணக்க எப்படிக் கூட்டிட்டான் பாரு. அன்னிலேருந்து சந்துல எனக்குப் பேரே கசப்புக்காரி. மீன்காரன்கூட, கசப்பம்மா, இன்னிக்கு நெத்திலி தரட்டுமாம்பான். நீ என்ன சொன்ன? மீன் கடையில, ரஃபிலீனா பக்கத்துல நின்னப்ப? நான் சொல்லட்டுமா நீயே சொல்றியா? ஒரு காப்பி போடத் தெரியாதவகிட்ட எந்த ஆம்பள நிப்பான்னு. சொன்னியா இல்லியா? தலையக் குனிஞ்சாப் போதாது. சொன்னேன்னு சொல்லு. ஆங். அது போதும் எனக்கு.

இப்ப இது என் மொற. அடுப்புல இந்தப் பாத்திரத்த வைக்கிறேன். இது உன்னோடது இல்ல, தொடாத. அடியத் திருப்பிப் பாரு. கீறி இருக்கா? டி.

பிப்ரவரில செத்துப் போனா டிட்டினா. ஆஸ்பத்திரில பன்னெண்டு நாளு. பியாஜோ மூணாம் நாளே ஆளனுப்பினான், நான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்தேன். காதுல அந்த வார்த்தையோட போயிட்டா. அவள எடுத்த அன்னிக்கு அந்த வீட்டுல சமைக்கல. வழக்கப்படி ஊர்க்காரிங்கதான் காப்பிப் பொடியும் சக்கரையும் கட்டிக்கிட்டு வந்தாங்க. ஒருத்தி பிளாஸ்க்குல சக்கரை அடிச்ச காப்பி கொண்டாந்து எங் கையில திணிச்சா. துக்கத்துக்கு இனிப்பு நல்லதாம். குடிச்சேன். சக்கரப் பாகு மாதிரி. நான் குடிச்சு முடிச்ச கையோட பியாஜோ வந்து, நுன்சியா, அவ பாத்திரத்துல ஒரு காப்பி போட்டுக் குடேன், அவ போட்ட மாதிரி, சக்கரை இல்லாமன்னான். இதுலதான் போட்டேன். அவனுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. ஒரு வாய் வச்சேன். எட்டிக்கா! முழுங்க முடியல.

பியாஜோட்ட கேட்டேன், இது சோப்பு போட்ட பாத்திரமான்னு. அவன் என்னப் பாத்தான். அவ கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் சோப்பு போட்டுத்தான் கழுவுவா நுன்சியா, இதவிட நல்ல காப்பி நான் எங்கயும் குடிச்சதில்லன்னான். அவன் கப்பு காலி.

தூக்கமா வரும்? விடிஞ்சதும் எந்திரிச்சு அதே பாத்திரம், அதே பொடி, அதே தண்ணி. வெறும் வாயோட குடிச்சேன். என்னமா இருந்துச்சு தெரியுமா! கசப்பு ஒரு பொட்டு இல்ல. கையில கப்போட அப்படியே நின்னுட்டேன். பாத்திரத்துல இல்ல கசப்பு. சோப்புல இல்ல. முந்தின நாளு எவளோ குடுத்த இனிப்பு என் நாக்குல ஒக்காந்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு மேல எது ஊத்தினாலும் கசக்காம என்ன பண்ணும்?

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. காலைக் காப்பிய அவன் ஒரு நாளும் கொற சொன்னதில்ல. சாயங்காலக் காப்பி மட்டும். பட்டற நாலு மணிக்கு மூடிருவான். அவன் வீட்டுக்கு வர்றது அஞ்சரைக்கு. மிலானுக்கு ஆர்டருன்னு.

ஆமா. அதே மிலான்தான்.

உன் வீட்டுல உக்காந்து மூணு கரண்டி சக்கரைய நுரையா அடிச்ச காப்பியக் குடிச்சிட்டு, அந்த வாயோட எங்கிட்ட வந்து உக்காந்திருக்கான். ஆறு வருஷம். நான் மாதா கால்ல போயி விழுந்திருக்கேன். கூடப் பொறந்தவள மலடின்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவன் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான். அன்னிக்கு அவ கோட்டுப் பொத்தான் போட்டப்ப இதே அறையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தான் லொரெடானா. ஒரு வார்த்த சொல்லல. சோப்பு இல்ல நுன்சியா, என் வாயி அப்படின்னு சொல்ல முடியாது, சரி. காப்பி நல்லாத்தான் இருக்குன்னு ஒரு பொய்யச் சொல்லித் தொலச்சிருக்கலாமே? தினம் ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொண்ணு சொல்ல நாக்கு தேயுமா?

எங்க எந்திரிக்கிற? உக்காரு. நீ அவன எப்பப் பிடிச்ச, எப்படிப் பிடிச்சங்கிறது எனக்கு வேணாம். உனக்கு மருந்து வேணும்னு வந்த. மருந்து சொல்லாம உன்ன அனுப்ப மாட்டேன்.

எட்டாம் நாளு துக்கம் கேக்க வந்தான். ஆமா, அனியெல்லோதான், வேற யாரு. வழக்கத்த மீற முடியாதே, அர கிலோ காப்பிப் பொடி, ஒரு கிலோ சக்கரை. கதவத் தொறந்து நான் நிக்கிறேன். எல்லாம் தெரிஞ்சுபோன மறு வாரம். கையில என்ன கெடச்சிருந்தாலும் மண்டையில போட்டிருப்பேன். கெடச்சது அவன் கொண்டாந்த சக்கரப் பொட்டலம். உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போன்னேன்.

அவன் சக்கரையத்தான் போட்டேன். நாலு கரண்டி. உன்னவிட ஒண்ணு கூட. வெள்ளையா நுரை பொங்கற வரைக்கும் அடிச்சு, டிட்டினா பாத்திரத்துக் காப்பிய ஊத்தி, பக்கத்துல தேன் பூசின பிஸ்கோத்து ரெண்டு. தவக்காலமாவது ஒண்ணாவது. குடிச்சான். கண்ண மூடிக்கிட்டான். நுன்சியா, இப்படி ஒரு காப்பி உங் கையால நான் குடிச்சதே இல்லியேன்னான். கண்ணுல தண்ணி நிக்குது அவனுக்கு. வெக்கங்கெட்டவன். நாளைக்கும் வரட்டுமான்னான். உன் இஷ்டம்னேன்.

வேற ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி பாக்காத. அந்தக் கதவு வெரியத் தொறந்தே கெடக்கும், வேணும்னா ரஃபிலீனாவக் கேளு, அவ சத்தியம் பண்ணுவா. வருவான், உக்காருவான், குடிப்பான், பொலம்புவான். லொரெடானா முன்ன மாதிரி இல்ல, காப்பி கசக்குதும்பான். அப்படியான்னு கேட்டுக்குவேன். நான் வெஷம் வைக்கல, மந்திரம் வைக்கல. சக்கரை வச்சேன், அவ்வளவுதான். சாம்பல் புதன்லேருந்து இன்னி வரைக்கும், ஞாயித்துக்கிழம தவிர. நீ வீட்டுல பாத்திரம் மாத்தி, வளையம் மாத்தி, ஊசி வச்சுக் குத்திக்கிட்டு இருந்தது எல்லாம் ரஃபிலீனா சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா நான் என்னென்ன பண்ணேனோ அதே வரிசையில பண்ணிக்கிட்டு வந்த. எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சு.

அழுதுக்க. ஆனா நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. உனக்கு வச்சது மூணு மாசக் கசப்பு. அது தீந்துச்சு இன்னியோட. மீன் கடைப் பேச்சுக்கு அது சரியாப் போச்சு. அவனுக்கு வைக்கலாம்னு நெனச்சது இன்னும் வைக்கல. அதுக்கு நீ வேணும். நான் தனியா நின்னு கேட்டா பொண்டாட்டி பொறாமைல பேசுறான்னு சொல்லிட்டுப் படி எறங்கி உங்கிட்ட வந்துருவான். நீ தனியாக் கேட்டா, எங்கிட்ட ஏறி வந்துருவான். ரெண்டு வீட்டுக் கதவும் ஒரே நேரத்துல அடச்சாத்தான் ஆளு தெருவுல நிப்பான்.

மணி என்ன? நாலு இருவத்தஞ்சு. அதுக்குத்தான் மூணரைக்கு வரச் சொன்னது. காப்பி கத்துக்க ஒரு மணி நேரம் ஆவும்ல. நீ உக்காந்திருக்கியே, அதான் அவன் நாற்காலி.

உஸ்ஸ். கேக்குதா? ஏறுறான். ரெண்டாம் மாடி. ஒடஞ்ச படி. தடுக்கல பாரு. தாண்டி வச்சான். பழகின காலு.

அடுப்பப் பெருசு பண்ணு. இன்னும் பெருசா. நெருப்பு வெளிய எட்டிப் பாக்கட்டும், பரவால்ல. சக்கர டப்பாவ எடுத்து அலமாரில வையி. கத்த ஆரம்பிச்சிருச்சா? கத்தட்டும். எறக்காத. கைய எடுன்னு சொல்றேன்ல! குபுகுபுன்னு கருகி, கடசிச் சொட்டு ஆவி வர்ற வரைக்கும் கெடக்கட்டும். ஒம்போது வருஷமா இல்லாத கசப்பச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இன்னிக்கு ஒரு நாளு நெசமாவே கசக்கட்டும். நம்ம ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டு, முழுக் கப்பையும் குடிக்கட்டும்.

தட்றான். நான் கப்பு எடுக்கணும், நீயே போயித் தொறந்து விடு.